வேர் நுனியில் ஒரு சஸ்திர சிகிச்சை

திருவள்ளூரிலிருந்து திருத்தணிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், வாசீஸ்வரர் கோயிலால் பெயர் பெற்ற திருப்பாச்சூருக்கு, நோயும் நோய் தீர்க்கும் இடங்களும் புதியவை அல்ல. சற்றுக் கிழக்கே திருவள்ளூரில், வைத்திய வீரராகவப் பெருமாளின் திருக்குளத்தில், தீராத வியாதிக்காரர்கள் அமாவாசைதோறும் வெல்லம் கரைத்துவிட்டுப் போகிறார்கள். மேற்கே பாண்டூரில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. இந்த ஊர்களிலிருந்து காக்களூர் தொழிற்பேட்டைக்கும், இன்னும் தொலைவில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் கம்பெனி வண்டியேறிப் போகிறவர்களுக்கு, பல்வலி வந்தால் முதலில் மாத்திரை, பிறகு நரம்பு எடுத்துக் கேப் போடுவது, அதற்கும் அடங்காவிட்டால் பிடுங்கிவிடுவது என்ற மூன்று படிகள் நன்றாகத் தெரியும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே வேறொரு படியும் உண்டு என்பதைத்தான் பலர் அறியார். வைத்தியர் அதை எடுத்துச் சொல்லும்போது, "பல்லுக்குக்கூட ஆபரேஷனா, சார்?" என்று கேட்டுவிட்டு, பிறகு அந்தப் பக்கமே வராதவர்களும் இருக்கிறார்கள்.

அந்தச் சிகிச்சை, பல்லின் வேர் நுனியைத் தாடை எலும்பின் வழியாக அணுகி, அதைச் சிறிது வெட்டி நீக்கி, வெட்டிய முனையை அந்தப் பக்கத்திலிருந்தே அடைத்துவிடுவதாகும். வைத்தியர்களின் சீட்டில் இது 'ஏபிகோயெக்டமி' என்று எழுதப்பட்டிருக்கும். எழுதுவது ஒரு வரியானாலும், அது எதற்காக வேண்டியிருக்கிறது என்பதை அறிந்துகொள்ளப் பல்லின் உட்புறத்தைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும். பல்லின் நடுவே ஓடும் வேர்க்குழல் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகச் செல்வதில்லை. நுனியை நெருங்குகையில் அது பல நுண்ணிய கிளைகளாகப் பிரிந்து வேரின் பக்கவாட்டில் திறக்கிறது. ரூட் கெனால் சிகிச்சையில் வைத்தியர் பல்லின் மேற்புறத்திலிருந்து ஊசி போன்ற கருவிகளைச் செலுத்திக் குழலைச் சுத்தம் செய்தாலும், அந்தக் கருவி எட்டாத கிளைகளில் கிருமிகள் தங்கிவிடுவது உண்டு. மேல்தாடைக் கடைவாய்ப் பல்லில் கண்ணுக்கே தட்டுப்படாத ஒரு குழல் விட்டுப்போவதும், வளைந்த வேரில் கருவி ஒடிந்து உள்ளேயே நின்றுவிடுவதும், கேப்பின் விளிம்பு கசிந்து எச்சிலோடு கிருமிகள் மறுபடி உள்ளே இறங்குவதும் சாதாரணமாக நிகழ்பவை. இவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தால், வேர் நுனியைச் சுற்றிலும் எலும்பு மெல்லக் கரைந்து, ஈறில் ஒரு சிறு பரு தோன்றி, அவ்வப்போது சீழ் வடிந்து அமுங்கும். சீழ் வெளியேற வழி கிடைத்துவிட்டபடியால் வலி இராது. வலி இல்லாதபடியால் நோயாளியும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

இந்த ரோகத்துக்கு மூலம் கிருமிகளே என்பது 1965-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ககேஹாஷி, ஸ்டான்லி, பிட்ஸ்ஜெரால்ட் என்ற மூவர் எலிகளைக் கொண்டு நடத்திய ஒரு பரிசோதனையால் ஐயமற நிரூபணமாயிற்று. சாதாரண எலிகளின் பல்லைத் துளைத்து உட்புறத்தைத் திறந்துவிட்டபோது அது அழுகிச் சீழ் கட்டியது. கிருமிகளே அண்டாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளுக்கோ, அதே துளையில் தீனித் துணுக்குகள் அடைந்து கிடந்தபோதும், பல் தானாகவே ஆறத் தொடங்கியது. இதை இங்கே சற்று விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேர் நுனியை வெட்டி எறிந்தால் வியாதி போய்விடும் என்று நோயாளிகளில் பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். ஒரு காலத்தில் வைத்தியர்களிலும் சிலர் அவ்வாறே எண்ணியதுண்டு. குழலுக்குள் கிருமி இருக்கும்வரை, எத்தனை முறை வெட்டினாலும் வெட்டிய முகத்திலிருந்து அது மீண்டும் எலும்புக்குள் கசியும். ஆகவே வெட்டுதல் ஓர் ஆயத்தம் மட்டுமே. கசிவில்லாமல் அடைப்பதில்தான் சிகிச்சை அடங்கியிருக்கிறது.

இந்தச் சிகிச்சையின் சரித்திரமும் இதையே காட்டுகிறது. வேர் நுனியை வெட்டும் முறை 1880-களிலேயே அமெரிக்காவில் விவரிக்கப்பட்டுவிட்டது. அடுத்த பத்தாண்டில் ஜெர்மானியரான கார்ல் பார்ட்ச் பிரெஸ்லாவ் நகரில் அதை ஒழுங்கான சஸ்திர சிகிச்சையாக வகுத்தார். அதன்பின் நூறு ஆண்டுக் காலம், எலும்பில் பெரிய துளையிட்டு, கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்பதற்காக வேரைச் சாய்வாகச் சீவி, பாதரசக் கலவையான அமால்கம் கொண்டு அடைத்துவந்தார்கள். சாய்வாகச் சீவுவதால் வேரின் பின்பக்கக் குழல் தப்பிவிடுவதையும், அமால்கம் ஓரங்களில் கசிவதையும் உணர்ந்த பிறகே மாறுதல்கள் வந்தன. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்கரான கேரி கார், குழலின் போக்கிலேயே உள்ளே குடைந்து செல்லும் மிக நுண்ணிய அல்ட்ராசோனிக் முனைகளை உருவாக்கினார். கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபிநெஜாத் 'எம்.டி.ஏ.' என்னும் அடைப்புப் பொருளைக் கொண்டுவந்தார். இதன் முக்கால் பங்கு, நம் கொத்தனார்கள் குழைக்கும் அதே போர்ட்லண்ட் சிமென்ட் வகையைச் சேர்ந்தது. சுத்திகரிக்கப்பட்டு, எக்ஸ்ரேயில் தெரிவதற்காக பிஸ்மத் கலக்கப்பட்டது. ஈரத்திலேயே இறுகுவதும், தன்மேல் திசுக்கள் வளர இடம் கொடுப்பதும் இதன் விசேஷம். இவற்றோடு அறுவை மைக்ராஸ்கோப்பும் சேர்ந்துகொண்டதன் பலனை, 2010-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு எடுத்துக் காட்டியது: பழைய முறையில் நூற்றுக்கு 59 பற்கள் தேறின என்றால், புதிய முறையில் 94 தேறின. பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் இந்த எண் சற்று இறங்கியே காணப்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

ஆகவே, சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளுமுன் நோயாளி கேட்க வேண்டிய கேள்விகள் இவையே: வேர் நுனியை எதைக் கொண்டு அடைப்பீர்கள்? மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் செய்வீர்களா? இதைக் கேட்டால் வைத்தியர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டியதில்லை. சொந்தப் பல்லைப் பற்றிக் கேட்பதில் அவமரியாதை ஏதுமில்லை.

சிகிச்சை நடக்கும் விதத்தையும் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். பல் பிடுங்குவதற்குப் போடும் மரப்பு ஊசியே இதற்கும் போதுமானது; மயக்கம் கொடுப்பது அபூர்வம். ஈறை ஓரமாகக் கீறி எலும்பிலிருந்து மெல்ல விலக்கியபின், வேர் நுனிக்கு நேராக எலும்பில் ஒரு மிளகு நுழையும் அளவுக்குச் சாளரம் திறக்கிறார்கள். உள்ளேயிருக்கும் வீங்கிய சதையைச் சுரண்டியெடுத்து, தக்க வைத்தியர் என்றால், பயாப்ஸி பரிசோதனைக்கு அனுப்புவார். பிறகு வேரின் நுனியில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் மட்டும் வெட்டப்படுகிறது. கிளைக் குழல்களில் மிகப் பெரும்பாலானவை அந்த 3 மில்லிமீட்டருக்குள்ளேயே இருக்கின்றன என்பதால் அந்த அளவு. இரத்தம் நின்றதும் வெட்டுமுகத்தில் ஒரு துளி மெத்திலீன் நீலச் சாயத்தைத் தடவி, நீரால் கழுவி, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள கண்ணாடியைக் கோணலாகப் பிடித்து, மைக்ராஸ்கோப்பினால் பார்க்கிறார்கள். வேரைச் சுற்றிலும் முழு வளையமாக நீலம் தெரிந்தால் வேர் நுனி முழுவதுமாக வெட்டப்பட்டிருக்கிறது. நடுவே மெல்லிய கோடாக இழுத்துச் சென்றால், முன்பு விட்டுப்போன குழலோ இரு குழல்களை இணைக்கும் இடுக்கோ அங்கே இருக்கிறது. நீலக்கோடு விளிம்புவரை ஓடினால் வேரே விரிசல் கண்டுவிட்டது என்று பொருள். விரிசல் கண்ட பல்லை இந்தச் சிகிச்சை காப்பாற்றாது. அப்படியானால் அதே நாற்காலியில் பல்லை எடுத்துவிட நேரலாம் என்பதை முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லி ஒப்புதல் வாங்கிவைப்பது நல்ல வைத்தியரின் லட்சணம். விரிசல் இல்லையென்றால், குழலுக்குள் 3 மில்லிமீட்டர் ஆழம் குடைந்து, அடைப்புப் பொருளை நிரப்பி, ஈறை இறக்கித் தைத்துவிடுகிறார்கள்.

இனி, யாருக்கு இது வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பது. என் அபிப்பிராயத்தில் நம் ஊர்களில் தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது: காப்பாற்றக்கூடிய பல்லை அவசரப்பட்டுப் பிடுங்குவதும் உண்டு, பழைய ரூட் கெனாலைத் திறந்து மறுபடி செய்தாலே தீர்ந்துவிடும் பல்லுக்கு நேரே கத்தியெடுப்பதும் உண்டு. முதல் சிகிச்சை அரைகுறையாக நடந்திருந்தால், மேலிருந்தே அதைத் திருத்துவதுதான் முதல் உபாயம். உள்ளே கம்பி வைத்துக் கேப் போட்டிருப்பதால் அதைக் கழற்றினால் வேரே பிளந்துவிடும் என்ற நிலையிலும், ஒடிந்த கருவியோ சுண்ணாம்பேறிய குழலோ வழியை மறிக்கும்போதும், மறுசிகிச்சை நன்றாக நடந்தும் நுனியில் கட்டி கரையாதபோதும்தான் அறுவை நியாயமாகிறது. ஈறு நோயால் ஆடும் பல்லுக்கும், குட்டை வேருக்கும், கேப் போடவே பிடிப்பில்லாமல் சொத்தை தின்றுவிட்ட பல்லுக்கும் இது வீண். சிறுவயதில் பம்பரமோ கிட்டிப்புள்ளோ பட்டுக் கறுத்துப்போன முன்பல்லுக்கு, வேர் உறுதியாக இருந்தால், இது நல்ல பலன் தரும். முன்பக்கமாதலால் வைத்தியருக்கும் கை எட்டும்.

கடைவாய்ப் பற்களில் அப்படியல்ல. கீழ்க்கடைவாயில், வேர் நுனிக்குப் பக்கத்தில் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. மேல்கடைவாயிலோ வேர் நுனிக்கும் சைனஸ் அறைக்கும் இடையே தாள்போன்ற எலும்பே இருப்பதுண்டு. நரம்பு நசுங்கினால் உதடு மரத்துப்போய்ச் சில வாரமோ சில மாதமோ நீடிக்கலாம். அபூர்வமாக நிரந்தரமாகவும் ஆகலாம். அதனால்தான் கடைவாய்ப் பல்லென்றால் சி.பி.சி.டி. என்னும் முப்பரிமாண ஸ்கேன் எடுத்துவரச் சொல்கிறார்கள். அதை வீண் செலவு என்று தட்டிக் கழிக்கக் கூடாது.

நோயாளி மறைக்கக் கூடாத விஷயங்கள் சில உண்டு. இதயத்துக்கோ பக்கவாதத்துக்கோ இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர், அதைத் தாமாக நிறுத்திவிட்டு வந்து நிற்பது பல்வலியைவிடப் பெரிய ஆபத்து; நிறுத்துவதா வேண்டாமா என்பதை இதய வைத்தியரும் பல் வைத்தியரும் கலந்து தீர்மானிக்க வேண்டும். எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒரு மாத்திரையோ வருஷம் ஒரு ஊசியோ போட்டுக்கொள்ளும் வயதான பெண்கள் அதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அந்த மருந்துகளில் சில, தாடை எலும்பின் காயம் ஆறாமல் செய்யக்கூடியவை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் அதைச் சரிசெய்த பிறகே அறுவை. பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை ஆகியவற்றை, நிரந்தரமாக விட முடியாதவர்கள் இதற்காக ஓரிரு வாரமேனும் விட்டால் ஈறு ஒட்டும்.

வீட்டுக்கு வந்தபின் முதல் நாள் ஐஸ் ஒத்தடம்; உதட்டைத் தூக்கித் தையலைப் பார்க்காமல் இருப்பது; எழுதிக் கொடுத்த மருந்துநீரால் கொப்பளிப்பது; ரசஞ்சாதம், இட்லி போன்ற மெதுவான ஆகாரம். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் கூடிப் பிறகே வடியும் என்பது தெரியாமல், மூன்றாம் நாள் பயந்து வேறு மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்குபவர்கள் பலர். அதன்பிறகும் வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, விழுங்கச் சிரமமாயிருந்தாலோ உடனே வைத்தியரிடம் போக வேண்டும். தையலை ஒரு வாரத்துக்குள் பிரித்துவிடுவார்கள். வெப்பத்திலும் பாரத்திலும் வேலை செய்கிறவர்கள் இரண்டு மூன்று நாள் விடுப்புக்கு ஏற்பாடு செய்துகொண்டே நாள் குறிப்பது நலம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத தொழிலாளர்கள் இ.எஸ்.ஐ. அட்டைக்கு உரியவர்கள் என்பதால், தனியார் கிளினிக்கில் கையைக் கடிக்குமுன் தங்கள் மருந்தகத்தில் விசாரித்துவிடலாம். திருவள்ளூரில் மின்சார ரயிலேறிச் சென்னைக்குப் போனால், கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே, 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காத்திருக்கும் பொறுமை வேண்டுமேயன்றி, கல்லூரி மருத்துவமனைகளில் முதுகலை மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை.

தையல் பிரித்தவுடன் எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ணி நின்றுவிடுவது நம்மவர் வழக்கம். கரைந்த எலும்பு திரும்ப நிரம்புவதற்கு மாதங்கள் பிடிக்கும். ஆறு மாதத்தில் ஒன்றும் ஒரு வருஷத்தில் ஒன்றுமாக எக்ஸ்ரே எடுத்து, அறுவைக்கு முந்திய படத்தோடு ஒப்பிட்டால்தான் குணமாகிறதா என்று தெரியும். பழைய படத்தை வீட்டில் பத்திரமாக வைத்திருக்க வேண்டியது நோயாளியின் பொறுப்பு. சிலருக்கு, குறிப்பாக முன்புறமும் பின்புறமும் எலும்பு துளைபட்டுப் போனவர்களுக்கு, ஒரு வருஷத்துக்குப் பிறகும் படத்தில் ஒரு சிறு கருமை தங்கியிருக்கும். எலும்புக்குப் பதிலாக அங்கே தழும்புத் திசு வளர்ந்ததன் அடையாளம் அது. வலியும் வீக்கமும் சீழும் இல்லாமல், அந்தக் கருமை வளராமலும் இருந்தால், அதைக் காட்டி யாரேனும் மறுபடி அறுக்கச் சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.