நின்று நின்று ஓடும் படகு மோட்டார்

பழைய அவுட்போர்டு மோட்டார் ஒன்று. கயிற்றை இழுத்ததும் உறுமிக்கொண்டு கிளம்புகிறது. பத்துப் பதினைந்து நிமிடம் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு இருமி, வேகம் தணிந்து, நின்றுவிடுகிறது. அரைமணி நேரம் சும்மா விட்டால் மறுபடி கிளம்புகிறது, மறுபடி நிற்கிறது. அமைதியான ஏரியில் இது வெறும் தொல்லை. கடலில் அலை உடையும் இடத்திலோ இது உயிராபத்து. உந்துவிசை இழந்த படகு பக்கவாட்டில் திரும்பிக் கவிழக்கூடும்.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓலே எவின்ரூட், மில்வாக்கி நகரில் 1909-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டாரின் திறன் ஒன்றரைக் குதிரைத்திறன். எடை ஏறத்தாழ 28 கிலோ. அதன் வழிவந்த பழைய இருவீச்சு மோட்டார்கள் அமைப்பில் எளியவை. எனவே அவற்றின் கோளாறுகளையும் எளிய பௌதிகத்தைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். நம் மோட்டாரின் கோளாறில் முதலில் சந்தேகப்பட வேண்டியவை இரண்டு.

முதலாவது, எரிபொருள் தொட்டியின் காற்றுத்துளை. தொட்டி மூடியில் ஒரு சிறு திருகு இருக்கும். அதைத் தளர்த்த மறந்தாலோ, துளை உப்பால் அடைபட்டாலோ, வெளிக்காற்று உள்ளே வர வழியில்லை. 24 லிட்டர் தொட்டியில் 22 லிட்டர் பெட்ரோல் இருப்பதாகக் கொள்வோம். மேலே இருக்கும் காற்றிடம் 2 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் செலவானதும் அது 3 லிட்டராக விரிகிறது. பாயில் விதிப்படி அங்குள்ள காற்றின் அழுத்தம் மூன்றில் இரண்டு பங்காகிவிடும். பெட்ரோல் ஆவி தன் பங்கு அழுத்தத்தை இழக்காது என்றாலும் மொத்த அழுத்தம் வெகுவாகக் குறையும். எரிபொருளை இழுக்கும் சிறு சவ்வுப் பம்பினால் இந்த வெற்றிடத்தை எதிர்த்து இழுக்க முடியாது. 10 குதிரைத்திறன் மோட்டார் முழு வேகத்தில் ஒரு லிட்டரைக் கால்மணி நேரத்திற்குள் குடித்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடக் கணக்கு இப்போது புரிகிறதா? தொட்டி நிறைந்திருக்கும்போதுதான் மோட்டார் சீக்கிரம் நிற்கும் என்பது வேடிக்கையான உண்மை. ஓய்வு நேரத்தில் மூடியின் இடுக்குகள் வழியே காற்று மெல்லக் கசிந்து உள்ளே போவதால் மீண்டும் ஓடுகிறது.

இரண்டாவது, மாக்னெட்டோவின் மின்சுருள். சுழலும் காந்தம் இதில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. ஆண்டுகள் பல கழிந்தால் சுருளின் காப்புப் பூச்சில் நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன. குளிர்ந்திருக்கும்போது காப்பு ஓரளவு தாங்கும். சூடேறினால் வெடிப்பு விரியும். காப்பின் மின்தடையும் குறையும். மின்சாரம் பிளக்கிற்குப் போகாமல் சுருளுக்குள்ளேயே கசிந்துவிடும். ஆறினால் பழையபடி தீப்பொறி வரும்.

ஆக, நோய்க்குறி ஒன்று; காரணம் இரண்டு. பிரித்தறிவது எப்படி? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

மோட்டார் தணியத் தொடங்கும் அந்தக் கணத்தில், எரிபொருள் குழாயின் நடுவே உள்ள ரப்பர்ப் பந்தை அமுக்குங்கள். உடனே உயிர் பெற்றால் குறை எரிபொருள் வழியில்தான். பிறகு மூடித் திருகைத் தளர்த்துங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தால் குற்றவாளி காற்றுத்துளையே. ஓசை இல்லையேல் பம்புச் சவ்வு, வடிகட்டி, குழாய் மூன்றையும் பாருங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாயின் உட்புறத்தை ஊதச் செய்து பாதையை அடைத்துவிடும். 1950-களின் சில மோட்டார்களில் இரட்டைக் குழாய்த் தொட்டி இருக்கும். அது அழுத்தத்தால் இயங்குவது, காற்றுத்துளையே கிடையாது. ஓடும்போது அதன் மூடியைத் திறக்கக் கூடாது.

பந்தை அமுக்கியும் பயனில்லையா? எந்திரம் ஆறுவதற்குள் தீப்பொறியைச் சோதியுங்கள். பிளக்கின் இடைவெளி ஒரு மில்லிமீட்டரைவிடக் குறைவு. திறந்த வெளியில் நலிந்த சுருள்கூட அதைத் தாண்டிவிடும். உருளைக்குள் அழுந்திய வாயுவைத் தாண்டவோ அதிக மின்னழுத்தம் வேண்டும். ஆகவே சோதனைக் கருவியில் சுமார் 6 மி.மீ. இடைவெளி வைத்துப் பாருங்கள். சூட்டில் தாண்டாமல், ஆறியபின் தாண்டினால் சுருளை மாற்ற வேண்டியதுதான். கருவியை எந்திர உடலில் இறுக மாட்டி, பிளக் துளைக்கும் பெட்ரோலுக்கும் எட்டத்தில் வையுங்கள். பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

மூன்றாவது சந்தேகமும் உண்டு. நின்றவுடன் கயிறு இழுக்க வராமல் இறுகியிருந்தால், சூட்டால் பிஸ்டன் விரிந்து பிடித்திருக்கலாம். நீரேற்றியின் ரப்பர்ச் சக்கரம் தேய்ந்ததோ, எண்ணெய்க் கலவை குறைந்ததோ காரணமாகும். பழைய மோட்டார்கள் பலவற்றுக்கு 24 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் தேவை. புதியவற்றின் 50-க்கு 1 கணக்கு அவற்றுக்கு ஆகாது. தண்ணீரில் இறக்காமல் ஓட்டவும் கூடாது. ரப்பர்ச் சக்கரத்திற்குத் தண்ணீரே மசகு.

நம் கடற்கரையில் மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார்கள் பல. அவற்றைப் பெட்ரோலில் கிளப்பி, நன்கு சூடேறிய பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். குளிர்ந்த எந்திரத்தில் மண்ணெண்ணெய் சரிவர ஆவியாகாது. பிளக் நனைந்து நின்றுவிடும்.

கோளாறு தீர்ந்தது என்று எண்ணியதும் ஆழ்கடலுக்கு விரைய வேண்டாம். கரையருகே, தொட்டியை நிரப்பிக்கொண்டு, ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் படகில் துடுப்பு இருக்கட்டும்.