குரூப்ல போட்ட கருத்து கோப்புல ஏறணுமா?

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமென்ட் ஆலை. பெரம்பலூர்ப் பக்கம் கல்குவாரி. "ரோடெல்லாம் புழுதி", "கிணத்துல தண்ணி இறங்கிடுச்சு", "நம்ம ஊர்ப் பசங்களுக்கு வேலை கிடைக்குமா?" என்று ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் விவாதம் சூடாக நடக்கும். தொழிலா, சுற்றுச்சூழலா என்று நாடே கேட்கும் கேள்விதான் இது. ஆனால், குரூப்பில் போட்ட மெசேஜ் அரசுக் கோப்பில் ஏறாது.

ஏறுகிற இடம் ஒன்று உண்டு: பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, பெரிய சுரங்கம், சிமென்ட் ஆலை போன்ற திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும் முன் இதை நடத்த வேண்டும். மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யும்; மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் சார்பில் உயர் அதிகாரி தலைமை வகிப்பார். முழுக்க வீடியோ பதிவாகும்.

போன் கையில் இருந்தால் என்ன செய்யலாம்?

1. கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வரும். அதைப் படம் பிடித்து குரூப்பில் போடுங்க.

2. தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரிய இணையதளத்தில் திட்டச் சுருக்கம் தமிழிலேயே இருக்கும். தண்ணீர் எங்கிருந்து எடுப்பார்கள், லாரி எந்த வழியில் போகும் என்று பாருங்க. முழு வரைவு அறிக்கையை ஆட்சியர் அலுவலகத்தில் பார்க்கலாம்.

3. "புழுதி தாங்கல" என்று மட்டும் சொன்னால் போதாது. "பள்ளிக்கூடம் இருக்கிற தெரு வழியா லாரி போகுது, காலையில பிள்ளைங்க வர்ற நேரத்துல நிறுத்தணும், தார்ப்பாய் போடணும்" என்று இடம், நேரம், தீர்வு மூன்றையும் சொல்லுங்க.

4. கூட்டத்தில் நேரில் பேசுங்க. மனுவாக எழுதியும் கொடுங்க.

5. முடிவில் பதிவான கருத்துகளைத் தமிழில் வாசிப்பார்கள். உங்கள் கருத்து விடுபட்டிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லிடுங்க.

இது ஓட்டெடுப்பு இல்லை. எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்று எண்ண மாட்டார்கள். ஆனால், மக்கள் எழுப்பிய முக்கியமான சுற்றுச்சூழல் பிரச்சினைகளுக்கு நிறுவனம் இறுதி அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும். பொத்தாம்பொதுவான கோபத்துக்குப் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும். குறிப்பாகக் கேட்டால் தப்பிக்க முடியாது.

ஏற்கெனவே நடக்கும் சுரங்கத்தால் பிரச்சினையா? கிராம சபையில் பேசுங்க. முதல்வரின் உதவி மையத்துக்கு 1100-ல் கூப்பிடுங்க.

அடுத்த அறிவிப்பு வந்தால், அந்த 30 நாளை மட்டும் வீணாக்காதீங்க.