கடைமடையிலிருந்து – 12: ஐப்பசிக்கு அடங்கும் கப்பல்

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுகிறதா என்று தெரிய டெல்டாக்காரர் அறிவிப்பைத் தேட வேண்டாம், வயலைப் பார்த்தாலே போதும். சம்பா பயிர் பச்சை கட்டி, ஐப்பசி மழையில் வரப்பு தளும்பும்போது கப்பல் கரையில் நிற்கும். அறுப்பு முடிந்து களம் காய்ந்த பிறகுதான் மறுபடி புறப்படும். இரண்டுக்கும் எஜமான் வடகிழக்குப் பருவக்காற்று.

அந்த எஜமானைக் கேட்காமல் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை 2023 காட்டியது. அக்டோபர் 14 அன்று பிரதமர் காணொலியில் தொடங்கிவைக்க, 150 பேர் அமரும் ‘செரியபாணி’ கிளம்பியது. அன்று புரட்டாசி 27. ஐப்பசி பிறந்த மூன்றாம் நாளே சேவை நின்றது. மறு ஆண்டு ஆகஸ்ட் 16, ஆடியின் கடைசி நாளில், ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு ஒரு தனியார் நிறுவனம் மீண்டும் ஓட்டியது. பழைய கதையும் இதே காற்றின் கதைதான். ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் என்று 1914 முதல் இருந்த வழியை, 1964 டிசம்பரில் ஒரு மார்கழிப் புயல் துடைத்துப்போட்டது.

நான் ஆனி மாதத்தில், தனியாகப் போனேன். கடுவையாற்று முகத்துவாரத்தில் துறைமுகம். எதிர்க்கரையில் அக்கரைப்பேட்டை விசைப்படகுகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. தஞ்சைக் கழனிகளைச் சுற்றிவரும் காவிரி, தன் பல வாய்களில் ஒன்றால் கடலைத் தொடுவது இங்கேதான். பெட்டியை எடைபோட்டு, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, சுங்கச் சோதனை முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. கலங்கரை விளக்கம் பின்னால் சிறுத்துப்போக, மண் நிறத் தண்ணீர் மெல்ல நீலமானது.

தூரம் சுமார் 60 கடல் மைல், நான்கு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நாகை மீனவர் ஒருவர், மகள் வீட்டு விசேஷத்துக்குப் போகிறார். “இப்ப ஓடுறதுல ஒண்ணும் பெருமை இல்ல சார். கார்த்திகையில ஓட்டிக் காட்டட்டும்” என்றார். நடுக்கடலில் பக்கவாட்டு அலை கிளம்பி, முன்வரிசையில் இரண்டு பேர் பிளாஸ்டிக் பையைத் தேடியபோது அவர் சொன்னது விளங்கியது. ஆனிக்கே இந்த ஆட்டம்!

டெல்டாவும் யாழ்ப்பாணமும் இந்தக் கடலை ஒரு காலத்தில் சாதாரணமாகத் தாண்டியிருக்கின்றன. ஆறுமுக நாவலருக்கு ‘நாவலர்’ பட்டம் 1849-ல் கிடைத்தது திருவாவடுதுறை ஆதீனத்தில். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம் பிள்ளை கும்பகோணத்தில் வாழ்ந்தவர். தஞ்சைப் பக்கத்து நாகஸ்வரக் குழுக்கள் யாழ்ப்பாணத் திருவிழாக்களுக்குப் போவார்கள். அங்கிருந்து தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி இங்கே வந்து வாசித்தார். நயினாதீவுத் திருவிழா ஆனியில். மாவிட்டபுரம் தீர்த்தம் ஆடி அமாவாசைக்கு, கீரிமலையில். நல்லூர் அதையடுத்து, ஆவணி அமாவாசையோடு முடியும். எல்லாமே வாடை தொடங்குவதற்கு முந்தைய மாதங்கள்.

காங்கேசன்துறையில் முதலில் கண்ணில் படுவது 1990-ல் மூடப்பட்ட சிமெண்ட் ஆலை. போருக்காக ஊரையே காலி செய்த பகுதி இது; திரும்பி வந்தவர்களின் புதுச் சுவர்களும் கூரையில்லாத பழைய வீடுகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. நயினாதீவுத் திருவிழாவுக்காக யாழ்ப்பாணம் போய், பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு என்று தாம்போதிகள் வழியே குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்தால் அன்றைய இரண்டாவது கடல்.

இதற்குப் பாஸ்போர்ட் வேண்டாம், எடைத்தராசும் இல்லை. மரப்படகின் வயிற்றுக்குள் குனிந்து இறங்கி, அரிசி மூட்டைக்கும் ஒரு சைக்கிளுக்கும் இடையே உட்கார வேண்டும். “தம்பி, உள்ளுக்க வந்து இருங்கோ, மேல நிண்டால் நனைஞ்சு போவியள்” என்றார் படகோட்டி. கால் மணி நேரத்தில் நாகபூசணி அம்மன் கோபுரம் எதிரே வந்தது. சற்றுத் தள்ளி நாகவிகாரையின் தூபி. சீருடைப் பிள்ளைகளும் மருந்துப் பை வைத்திருந்த பெரியவரும் என்னோடு இறங்கினார்கள். இவர்களுக்காக இந்தப் படகு மாரியிலும் ஓடியாக வேண்டும்.

நயினாதீவுதான் மணிமேகலை சொல்லும் மணிபல்லவம் என்பது இங்குள்ளவர்களின் உறுதியான நம்பிக்கை. புகாரிலிருந்து தன்னந்தனியாக வந்திறங்கிய பெண்ணுக்கு அமுதசுரபி கிடைத்த இடம். கோயில் அன்னதான மண்டபத்துக்கும் அமுதசுரபி என்றுதான் பெயர். திருவிழா நாள் என்பதால் பந்தி பிற்பகலிலும் நடந்தது. எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை, இலைதான் போட்டார்கள்.

இரண்டு படகிலும் ஒரே நாளில் ஏறியவனுக்கு ஒன்று தெளிவு. குறிகட்டுவான் படகு சிறியது, ஆனால் அதை நம்பி ஒரு தீவே வாழ்கிறது, அதனால் நிற்பதில்லை. நாகைக் கப்பலை நம்பி இன்னும் யாரும் வாழத் தொடங்கவில்லை. வியாபாரியும் தவில்காரரும் கல்யாண வீட்டாரும் அதில் வழக்கமாக ஏறட்டும். கார்த்திகை அலையைத் தாங்கும் பெரிய கப்பலைக் கேட்கும் குரல் அப்போது தானாக எழும். அதுவரை போக நினைப்பவர்கள் மாசிக்கும் புரட்டாசிக்கும் இடையில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

(அடுத்த வாரம்: குதிரைகள் மேயும் நெடுந்தீவு)