பாரம் சுமக்கும் குதிரையே முந்துவது ஏன்?

இன்று பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் நிற்கும் இடத்தில்தான் ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. 1896-இல் தொடங்கிய சிலாங்கூர் டர்ஃப் கிளப், பிறகு சுங்கை பெசிக்கு மாறியது. இளவயதில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து பந்தயம் பார்க்கப் போனவர்களில் என் தாத்தாவும் ஒருவர்.

பந்தயப் பட்டியலில் ஒவ்வொரு குதிரையின் பெயருக்கு எதிரிலும் 58, 55.5, 50 என்று ஓர் எண் இருக்கும். "பாரம் கம்மியா இருக்கறதப் பாரும்மா, அதுதான் ஓடும்" என்பார் தாத்தா. அப்படித் தேடிப் பிடித்துப் பணம் கட்டியே பல மாதச் சம்பளம் கரைந்தது. பாட்டியின் வளையல் அடகுக்குப் போன கதையை வீட்டில் இன்றும் மெதுவான குரலில்தான் பேசுவார்கள்.

பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான், கணக்கு எங்கே பிசகியது என்று எனக்குப் புரிந்தது.

அந்த எண், குதிரை சுமக்க வேண்டிய பாரம். ஜாக்கியும் சேணமும் அதில் அடக்கம். எடை போதவில்லை என்றால் ஈயத் தகடுகளைச் சேர்ப்பார்கள். ஓடி முடித்த பிறகும் ஜாக்கி தராசில் ஏறிக் காட்ட வேண்டும். பாரத்தை நிர்ணயிப்பவர் 'ஹேண்டிகேப்பர்' எனப்படும் அதிகாரி. திறமையான குதிரைக்கு அதிகப் பாரம், சுமாரான குதிரைக்குக் குறைந்த பாரம். எல்லாம் ஒரே நேரத்தில் எல்லைக்கோட்டைத் தொட வேண்டும் என்பதே அவர் ஆசை!

பாரம் குதிரையைத் தாமதப்படுத்துவது உண்மைதான். ஒரு மைல் ஓட்டத்தில் ஏறத்தாழ 1 கிலோ கூடினால் ஒரு குதிரை நீளம் பின்தங்கும் என்பது பிரிட்டனில் வழங்கும் தோராயக் கணக்கு. தூரம் கூடக் கூட அந்த 1 கிலோவின் பாதிப்பும் கூடும்.

ஆனால் பல பந்தயங்களின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தால், அதிகப் பாரம் சுமந்த குதிரைகளே அடிக்கடி வென்றிருக்கும். பாரம் இறக்கை கட்டிவிட்டதா? இல்லை. திறமை இருப்பதால்தான் அந்தப் பாரமே கிடைத்தது. ஹேண்டிகேப்பர் இடைவெளியைக் குறைக்கிறார், முழுதாக அழிப்பதில்லை. டியூஷன் போகிறவர்களின் மதிப்பெண் குறைவாக இருந்தால், டியூஷன்தான் மதிப்பெண்ணைக் குறைத்தது என்று சொல்வோமா? எஸ்பிஎம் எழுதப் போகிறவர்கள் கொஞ்சம் யோசியுங்கள்.

சரியாகக் கேட்பதென்றால், அதே குதிரை கூடுதல் பாரத்துடன் ஓடினால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் கிண்ணத்தை 1930-இல் 62.5 கிலோ சுமந்து வென்றது ஃபார் லாப். மறு ஆண்டு அதன் முதுகில் 68 கிலோ ஏற்றினார்கள். எட்டாவதாக வந்தது. வென்ற ஒயிட் நோஸ் சுமந்தது 44 கிலோகூட இல்லை. ஒரே ஒரு பந்தயம் சான்றாகாதுதான். அன்றைக்குக் குதிரைக்கு வேறு களைப்பும் இருந்திருக்கலாம்.

போன வாரம் இதையெல்லாம் தாத்தாவிடம் விளக்கினேன். அமைதியாகக் கேட்டார்.

"அப்போ நான் 58-ஐ எடுத்திருக்கணுமா?"

"அதுவும் இல்ல தாத்தா. அது நல்ல குதிரைன்னு எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அதுமேலயே கட்டுவாங்க. ஜெயிச்சாலும் கையில வர்றது கொஞ்சந்தான்."

அடுப்படியிலிருந்து பாட்டி எட்டிப் பார்த்தார். "இத நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?"

தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.