கணினி மொழியும் கடன் நிரலும்

‘கொடி’ என்னும் சொல்லில் எழுத்துகள் எத்தனை? இரண்டு என்பர் தமிழாசிரியர். கணினியின் விடையோ மொழிக்கு மொழி மாறும். ககரம், ஒகரக் குறி, டகரம், இகரக் குறி எனத் தனித்தனியே கொள்ளும் யூனிகோட் முறைப்படி ஹாஸ்கெல் என்னும் நிரல்மொழி 4 என்று எண்ணும். அக்குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகள் கொள்ளுதலின், சி மொழி 12 என்று அளக்கும். தமிழ் மரபின் இரண்டைப் பெறுவதற்கு ஹாஸ்கெல் பிறமொழி நிரலின் துணையை நாடுகிறது.

ஹாஸ்கெல், 1990இல் முதல் வரையறை பெற்ற சார்புவழி மொழியாகும். ஓர் எண்ணின் வர்க்கம் என்றும் மாறாதவாறு போல, இம்மொழியின் சார்பும் ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடையே தரும். எவ்வகைப் பொருளை ஏற்று எவ்வகைப் பொருளைத் தரும் என்பதைத் தொகுப்பி முன்னரே சரிபார்த்துவிடும். 1970களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய சி மொழியோ நினைவகத்தை நேரே கையாள்வது; விரைவு மிக்கது. சி வழியே அழைக்கத்தக்க நிரற்களஞ்சியங்கள் பல. எழுத்தின் எல்லையைப் பகுத்துணரும் ஐசியு அவற்றுள் ஒன்று. அதனைப் புதிதாக இயற்றாது அழைத்துக்கொள்ளுதலே அறிவுடைமை. இவ்வழைப்பு முறை ஹாஸ்கெல் 2010 வரையறையிலேயே இடம்பெற்றுள்ளது.

வடசொல் தமிழில் வருங்கால் வடவெழுத்தை நீக்கி வரவேண்டும் என்று தொல்காப்பிய எச்சவியல் விதிக்கிறது. கடன் நிரலுக்கும் இத்தகைய விதியுண்டு. இன்றைய கணினிகளில் ஹாஸ்கெலின் முழு எண் பெரும்பாலும் 64 பிட்டு. சி மொழியின் முழு எண் 32 பிட்டு. ஐசியு கையாள்வது யூடிஎஃப்-16. ஹாஸ்கெலின் உரை நூலகமோ 2021 இறுதியில் யூடிஎஃப்-8க்கு மாறிவிட்டது. ஆகவே எல்லையைக் கடக்கும் ஒவ்வொன்றும் உருமாறியே செல்லவேண்டும்.

இங்கேதான் இடர் உள்ளது. அழைக்கப்படும் சி நிரலின் பெயரையும் வகையையும் எழுதுவோர் ஓர் அறிவிப்பாகத் தருகின்றனர். கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும் கொள்கலனைத் திறந்து பாராமல், உடன்வரும் பட்டியலை மட்டும் நம்பி விடுப்பது போல, தொகுப்பி அவ்வறிவிப்பை அப்படியே நம்பும். கோணத்தின் சைன் மதிப்பு மாறாதது. அதனைத் தூய சார்பென அறிவிக்கலாம். குருட்டெண் தரும் நிரலோ அழைக்குந்தோறும் வேறு விடை தரும். அதனையும் தூயதென அறிவித்தால், தொகுப்பி ஒருமுறை பெற்ற விடையையே மீண்டும் வழங்கிவிடக்கூடும். வகையைத் தவறாகக் குறித்தால் பொய்யான எண் வரும். சிலவேளை நினைவகமே சிதையும். தொகுப்பி எச்சரிப்பதில்லை. பிழை பின்னரே, வேறோரிடத்தில் தலைகாட்டும்.

மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கியது முதல், கிள்ளான் பள்ளத்தாக்கு கணினித் தமிழோடு தொடர்புடையது. பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ நிரல் கற்கும் தமிழ் மாணவனுக்கு ஆசிரியர் உணர்த்தவேண்டிய பாடம் ஒன்றுண்டு: கடன் வாங்குதல் இழுக்கன்று, வாங்கியது இன்னதென மெய்யாக உரைப்பதே கடமை. சரிபார்ப்பார் இல்லாத இடத்தில், எழுதுவோனது வாய்மையே இலக்கணம்.