பெயரால் வந்த பழி: ‘கறுப்பு டேலியா’ வழக்கு

ஒருவருக்கு வழங்கும் பெயர் அவரை அறிந்துகொள்ளத் துணையாக வேண்டும். சில வேளைகளில் அப்பெயரே அவரை மறைக்கும் திரையாகிவிடுகிறது. 1947-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழ்ந்த எலிசபெத் ஷார்ட் கொலை வழக்கு இதற்குத் தக்க சான்றாகும். ‘கறுப்பு டேலியா’ என்றும், ‘நடிகையாக விழைந்த மங்கை’ என்றும் உலகம் அவரைக் குறிப்பிடும். இவ்விரு தொடர்களுக்கும் அடிப்படை யாது?

அவ்வாண்டு ஜனவரி 15-ஆம் நாள் காலை, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் லைமர்ட் பார்க் பகுதியில், தம் குழந்தையுடன் நடந்து சென்ற ஒரு பெண்மணி வெற்று மனையொன்றில் வெண்மையான ஓர் உருவத்தைக் கண்டார். துணிக்கடைப் பொம்மை என்றே முதலில் எண்ணினார். அஃது இடையில் இரு துண்டாக்கப்பட்ட ஓர் இளம்பெண்ணின் உடல்.

இறந்தவர் யார் என்பது விரைவில் புலனாயிற்று. விரல் ரேகைகள் கம்பிவழியே வாஷிங்டனுக்கு அனுப்பப்பெற்றன. அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையினர் 56 நிமிடங்களில் ஆளை அடையாளங் கண்டனர். 1943-இல் அவர் இராணுவ முகாமொன்றின் கடையில் வேலைக்கு விண்ணப்பித்தபோதும், உரிய வயதாகாமல் மது அருந்தியதற்காகக் கைதானபோதும் எடுத்த ரேகைகள் அங்கே இருந்தன.

அவர் வாழ்க்கையில் உறுதியாகத் தெரிந்தவை சிலவே. 1924 ஜூலை 29-இல் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை 1929-ஆம் ஆண்டுப் பங்குச் சந்தை வீழ்ச்சியில் பொருளை இழந்தார். மறு ஆண்டு அவருடைய மோட்டார் வண்டி ஒரு பாலத்தருகே கேட்பாரற்றுக் கிடந்தது. அவர் ஆற்றில் வீழ்ந்து மாண்டார் என்று கருதப்பட்டது. தாய் ஐந்து பெண்மக்களைத் தனித்து வளர்த்தார். பல்லாண்டு கழித்துத்தான், தாம் கலிபோர்னியாவில் உயிருடன் இருப்பதாகத் தந்தை கடிதம் எழுதினார். நுரையீரல் நோயால் வருந்திய எலிசபெத், குளிர்காலங்களை மயாமியில் கழித்தார். பதினெட்டாம் வயதில் தந்தையிடம் சென்றார், அங்கும் நிலைக்கவில்லை. தம்மை மணக்க விரும்பினார் என்று அவர் கூறிவந்த விமானப்படை அதிகாரி 1945-இல் விமான விபத்தில் மாண்டார். 1946-இல் எலிசபெத் மீண்டும் தென் கலிபோர்னியாவுக்கு வந்தார். மரணமுற்றபோது அவருக்கு வயது 22.

திரைப்படத்தில் நடிக்கும் விருப்பம் அவருக்கு இருந்திருக்கலாம். ஆனால், அவர் நடித்ததாக அறியப்பட்ட படம் ஒன்றேனும் இல்லை. ‘கறுப்பு டேலியா’ என்பதோ, லாங் பீச் நகரத்து மருந்துக் கடையொன்றில் அவரை அறிந்தோர் வேடிக்கையாக வழங்கிய பெயர் என்று அன்றைய நாளேடுகள் எழுதின. 1946-இல் வெளிவந்த ‘நீல டேலியா’ என்னும் திரைப்படப் பெயரை ஒட்டியது அது. வேடிக்கைப் பெயர் கொட்டை எழுத்துத் தலைப்பாயிற்று. எலிசபெத் என்ற பெயர் பின்தங்கியது.

நாளேடுகள் அத்துடன் நிற்கவில்லை. ‘லாஸ் ஏஞ்சல்ஸ் எக்ஸாமினர்’ நிருபர்கள் தாயைத் தொலைபேசியில் அழைத்து, மகள் அழகுப் போட்டியில் வென்றதாகப் பொய் கூறினர். மகிழ்ந்த தாய், மகளைப் பற்றி அறிந்ததையெல்லாம் சொன்னார். செய்தி முழுவதையும் கறந்த பின்னரே கொலையைத் தெரிவித்தனர். எலிசபெத் இறுதியாக அணிந்திருந்த கறுப்பு உடை அளவெடுத்துத் தைத்த நாகரிக உடை. அஃது ஏட்டில் இறுக்கமான பாவாடையாகவும் மெல்லிய மேற்சட்டையாகவும் மாறியது. சில நாட்களில், அவருடைய பிறப்புச் சான்றிதழ், நிழற்படங்கள், முகவரிக் குறிப்பேடு ஆகியவை அடங்கிய உறையொன்று அந்த ஏட்டுக்கே அஞ்சலில் வந்தது. ரேகை தெரியாதவாறு அவை பெட்ரோலால் துடைக்கப்பட்டிருந்தன.

விளம்பரம் மிகுந்ததால் துப்பு மிகுந்ததா? இல்லை, பொய்யே மிகுந்தது. தாமே கொன்றதாகப் பலர் முன்வந்தனர். பிற்காலத்தில் அவர்கள் தொகை 500-ஐக் கடந்தது. அவற்றுள் ஒன்றும் மெய்யென நிறுவப்படவில்லை. கொலையாளி யார் என்று பல நூல்கள் பலரைச் சுட்டியுள்ளன. வழக்கு இன்றும் தீராதது.

‘புகழை நாடிச் சென்றாள், அழிந்தாள்’ என்ற நீதி இவ்வரலாற்றின்மீது ஏற்றப்பட்டது. ‘நடிகையாக விழைந்த மங்கை’ என்னும் தொடர் அந்நீதிக்கு வாய்ப்பாக அமைந்தது. அதன் விளைவைக் கருதவேண்டும். கொன்றவன் மீது விழவேண்டிய பழியில் ஒரு பங்கு, கொல்லப்பட்டவள் மீது விழுந்தது. மறுத்துரைக்க அவளுக்கு வாய் இல்லை.

செய்தித்தாளை வகுப்பில் பாடமாக வைத்துக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இவ்வழக்கு நல்லதொரு பயிற்சியாகும். கண்டது எது, கேட்டது எது, கட்டியது எது என ஒவ்வொரு வாக்கியத்தையும் மாணவர் பிரித்தறியப் பழகவேண்டும். விரல் ரேகை கண்ட உண்மைக்கு 56 நிமிடம் போதுமாயிருந்தது. அடைமொழி செய்த பழியோ எழுபது ஆண்டுகளைக் கடந்தும் நீங்கவில்லை. கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரத்துக் கல்லறைத் தோட்டத்தில் துயில்பவர் ஒரு மலரல்லர், ஒரு தாயின் மகள், எலிசபெத் ஷார்ட்.