புயல் போட்டோ வருது. கரண்ட் எப்போ வரும்?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இருப்பவர்கள் வர்தா புயலை மறந்திருக்க மாட்டார்கள்.

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. பிற்பகலில் சென்னை அருகே புயல் கரை கடந்தது. மணிக்கு 100 கிலோ மீட்டருக்கு மேல் பேய்க்காற்று! சென்னை, காஞ்சீபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. எங்கும் கும்மிருட்டு.

டி.வி. இல்லை. செல்போனில் சார்ஜ் இல்லை. பேப்பர்தான் துணை.

பேப்பரைப் பிரித்தால்? முறிந்த மரம், நசுங்கிய கார், மந்திரி பார்வையிடும் படம். கீழே ஒரு வரி: "மின் வினியோகம் படிப்படியாகச் சீராகும்". சரி சார், நம்ம தெரு எத்தனையாவது படி? வாசகர் தேடுவது அதைத்தானே!

ஐபோன் நின்றது!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் வேலை நின்றதாம். உலகம் பூரா செய்தி! அங்கே வேலை பார்க்கும் பெண்கள் தங்கும் அறையில் விளக்கு எரிந்ததா? அது தலைப்புக்கு வரவில்லை.

பெரிய ஆலைக்கு ஜெனரேட்டர் உண்டு. வல்லம், மாத்தூரில் ஒரே அறையில் நாலு பேராகத் தங்கி ஷிப்டு போகிறவர்களுக்கு? கரண்ட் போனால் மோட்டார் ஓடாது. தண்ணீரும் போச்சு.

சதவீதக் கணக்கு

"இத்தனை சதவீதம் மின்சாரம் வந்துவிட்டது" என்று செய்தி வரும். நம் வீட்டில் மெழுகுவர்த்திதான் எரியும். பொய்யா? இல்லை.

துணை மின்நிலையத்தில் இருந்து 11 ஆயிரம் வோல்ட் பீடர், அடுத்து டிரான்ஸ்பார்மர், அப்புறம்தான் தெருக்கம்பி. மேலே இருந்துதான் சரி செய்து வருவார்கள். பீடர் கணக்கில் 'வந்தாச்சு'. தெருக்கம்பமோ இன்னும் படுத்தே கிடக்கும்! வர்தாவின்போது வெளி மாவட்ட லைன்மேன்கள் எல்லாம் வந்து கம்பம் நட்டும் வேலை நாள் கணக்கில் இழுத்தது.

"இது பீடர் கணக்கா, வீட்டுக் கணக்கா?" நிருபர் இந்த ஒரு கேள்வியைக் கேட்டு எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.

பத்திரிகைகளும் தப்பவில்லை. 1878-ல் பிறந்த 'தி இந்து' 2015 டிசம்பர் 2 அன்று சென்னையில் வெளிவரவில்லை. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போக முடியாதபடி வெள்ளம்!

கரண்ட் போனால் மின்வாரியத்தின் 'மின்னகம்' எண்: 94987 94987. மின் இணைப்பு எண்ணைத் தயாராக வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். போனில் சார்ஜ் இருக்கும்போதே! அறுந்து கிடக்கும் கம்பி பக்கம் மட்டும் போகவே வேண்டாம்.